பெரிய டாக்டர் என்ன செய்கிறார்? ஒரு குழந்தை மருத்துவத் துறை வளர்ந்த கதை

அரசு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் காலை நேரத்தில் இருந்தவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். ஒன்பது மணி இருக்கும். ‘பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வர்றாங்க, அம்மா மட்டும் இருங்க, மத்தவங்க வெளிய போங்க’ என்று சிஸ்டர் குரல் கொடுப்பார். கட்டிலுக்கு அடியில் இருக்கும் தூக்குவாளியும் ஃப்ளாஸ்கும் இன்னும் உள்ளே போகும். பெரிய டாக்டர் வருவார், அவர் பின்னால் ஏழெட்டுப் பேர். அதில் ஒருவர் கேஸ் ஷீட்டை வைத்துக்கொண்டு குழந்தையின் கதையை ஒப்பிப்பார். நடுவில் பெரிய டாக்டர் ஒரு கேள்வி கேட்பார். ஒருவர் பதில் சொல்வார், இன்னொருவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார். குழந்தையின் அம்மாவுக்கு ஒன்றும் விளங்காது. நம் பிள்ளையைப் பார்க்க வந்தார்களா, பரீட்சை வைக்க வந்தார்களா என்று தோன்றும்.

இரண்டுக்கும்தான் வந்திருக்கிறார்கள். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை சென்னை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது. இப்படிக் கல்லூரியோடு சேர்ந்த குழந்தைகள் துறைக்கு மூன்று வேலை. வந்த பிள்ளைக்கு வைத்தியம் பார்க்க வேண்டும், அடுத்த தலைமுறை டாக்டர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், இன்றைக்கு மருந்தில்லாத நோய்க்கு வழி தேட வேண்டும். தெருமுனைக் கிளினிக்கில் முதல் வேலை மட்டும் நடக்கும். அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை, சளிக்கும் காய்ச்சலுக்கும் அது போதும். ஆனால் மூன்றையும் ஒரே கூரைக்குக் கீழ் வைத்திருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வார்டில் ஒரு பிள்ளை புத்தகத்தில் இல்லாத விதமாக மூச்சு விடுகிறது. மாணவர் ‘ஏன் சார்?’ என்கிறார். பேராசிரியருக்குத் தெரியவில்லை. அந்தப் பிள்ளையின் ரத்தத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு பக்கத்து ஆய்வகத்துக்குப் போக முடிந்தால் அங்கே ஏதாவது பிடிபடலாம். போக முடியாவிட்டால் மத்தியானச் சாப்பாட்டோடு அந்தக் கேள்வி மறந்துபோகும்.

சரி, இதில் துறைத் தலைவருக்கு என்ன வேலை? இருப்பவர்களிலேயே கெட்டிக்கார டாக்டர் தலைவராக உட்கார்ந்திருப்பார், கஷ்டமான கேஸெல்லாம் அவரிடம் போகும் என்றுதான் நாம் நினைத்துக்கொள்வோம். எனக்கும் அந்த நினைப்புத்தான் இருந்தது, ஹேரியட் லேன் கதையைப் படிக்கும்வரை. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை வளாகத்தில் 1912-இல் திறக்கப்பட்ட குழந்தைகள் மருத்துவமனை அது. ஒரு துறைக்குத் தலைமை எப்படி அமைகிறது, முன்னேற்றம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

பெயர் யாருடையது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் புக்கானன் கல்யாணமே செய்துகொள்ளாதவர். அதனால் வெள்ளை மாளிகையின் வீட்டுப் பொறுப்பையும் விருந்தாளிகளையும் அவருடைய சகோதரி மகள் ஹேரியட் லேன்தான் கவனித்துக்கொண்டார். பிற்பாடு அவர் பால்டிமோரைச் சேர்ந்த வங்கிக்காரர் ஒருவரை மணந்தார். இரண்டு மகன்கள். இருவருமே சிறுவயதில், அடுத்தடுத்த வருஷங்களில், ரூமாட்டிக் காய்ச்சலில் இறந்துபோனார்கள். சாதாரணத் தொண்டை வலியில் தொடங்கி, மூட்டுகளை வீங்கவைத்து, கடைசியில் இதய வால்வில் கைவைக்கும் நோய் அது. பெனிசிலின் வராத காலம். 1903-இல் ஹேரியட் இறந்தபோது, நோயுற்ற பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் கட்டச் சொல்லிப் பெரும் சொத்தை எழுதிவைத்துவிட்டுப் போனார். அந்தப் பணம்தான் கட்டடமானது. ரூமாட்டிக் காய்ச்சலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

கட்டடம் வந்தால் துறை வந்துவிடாது. ஆள் வேண்டும். முதல் ஆள் ஜான் ஹவ்லாண்ட். நியூயார்க்கில் பிராக்டிஸ் செய்துகொண்டிருந்தவர். 1912-இல் ஹேரியட் லேனின் பொறுப்பை ஏற்றார். அடுத்த வருஷம், 1913-இல், ராக்பெல்லர் குடும்பப் பணத்தில் நடந்த கல்வி அறக்கட்டளை ஒன்று ஹாப்கின்ஸுக்குச் சுமார் 15 லட்சம் டாலர் கொடுத்தது. ஒரு நிபந்தனையோடு. பொது மருத்துவம், அறுவை, குழந்தை மருத்துவம் ஆகிய மூன்று துறைகளின் தலைவர்களும் அவர்கள் ஆட்களும் தனியாக பிராக்டிஸ் செய்து ஃபீஸ் வாங்கக் கூடாது. சம்பளம் மட்டும். முழு நேரமும் துறைக்கு.

இன்றைக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். அன்றைக்குப் பெரிய சண்டை. பேராசிரியர் என்றால் காலையில் இரண்டு மணி நேரம் வார்டில் பாடம் நடத்திவிட்டு, மத்தியானத்துக்கு மேல் வசதிக்காரர் வீடுகளுக்கு வண்டியேறிப் போகிறவர் என்பதுதான் வழக்கமாக இருந்தது. பெரும்பணம் அங்கேதான். சாயங்காலப் பிராக்டிஸ் சரியா தப்பா என்று நம்மூரில் இன்றும் டீக்கடை வரைக்கும் பேசுகிறோமே, அதே வாதம்தான். இதில் எந்தப் பக்கம் நிற்பது என்பதை வாசகருக்கே விட்டுவிடலாம். ஆனால் ஹவ்லாண்டுக்கு அந்த மத்தியானங்கள் கிடைத்தபோது என்ன நடந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அப்போது வயிற்றுப்போக்குதான் கைக்குழந்தைகளைக் கொத்துக்கொத்தாகக் கொண்டுபோனது, வெயில் காலத்தில் இன்னும் மோசம். வயிற்றுப்போக்கு முற்றிய சில குழந்தைகள் ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு வாங்கும். மார்பில் குழல் வைத்துப் பார்த்தால் நுரையீரலில் ஒரு கோளாறும் இராது. பின்னே ஏன் இப்படி இரைக்கிறது? ஹவ்லாண்டும் அவரிடம் வேலை பார்த்த மேரியட்டும் அந்தக் குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். ரத்தத்தில் இருக்க வேண்டிய காரச்சத்து மலத்தோடு வெளியேறி, ரத்தம் அமிலப் பக்கம் சாய்ந்திருந்தது. கரியமில வாயுவை ஊதித் தள்ளி அந்தச் சாய்வைச் சரிசெய்யத்தான் உடம்பு அப்படி மூச்சு வாங்குகிறது. இதை அவர்கள் 1916-இல் எழுதினார்கள். இன்றைக்கு மெடிக்கல் ஷாப்பில் நாம் வாங்கும் ஓஆர்எஸ் பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், உப்பு சர்க்கரையோடு சிட்ரேட் என்று ஒன்று இருக்கும். அது இந்த அமிலச் சாய்வைச் சரிக்கட்டப் போட்டது.

ரிக்கெட்ஸ் இன்னொன்று. எலும்பு வலுவில்லாமல் கால் வளைந்துபோகும் நோய். ரத்தத்தில் கால்சியமும் பாஸ்பரஸும் எவ்வளவு இருக்கின்றன என்று அளந்து, மீனெண்ணெய் கொடுத்தால் எலும்பு தேறுவதை எக்ஸ்ரேயில் காட்டினார்கள். பாட்டிமார்கள் சொல்லிவந்த வைத்தியத்துக்கு எக்ஸ்ரே சாட்சி கிடைத்தது.

ஆனால் ஹவ்லாண்டின் பெரிய சாதனை எது என்று என்னைக் கேட்டால் இவை இரண்டையும் சொல்ல மாட்டேன். அவர் 1926-இல் இறந்தார், பதவியில் இருந்தது 14 வருஷம்தான். அதற்குள் அவரிடம் இருந்தவர்கள் நாலாபக்கமும் போயிருந்தார்கள். மேரியட் செயின்ட் லூயிஸில் துறைத் தலைவரானார். பிளாக்ஃபன் சின்சினாட்டிக்குப் போய், அப்புறம் ஹார்வர்டில் தலைவரானார். எட்வர்ட்ஸ் பார்க் 1921-இல் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். டேவிசன் பிற்பாடு டியூக் பல்கலைக்கழகத்தில் ஒரு புது மருத்துவக் கல்லூரிக்கே முதல் டீன். தேர்ந்த ஆட்களை விட்டுக்கொடுக்க எந்தத் தலைவருக்கும் மனசு வராது. கைக்கு உதவியாக இருப்பவன் போய்விட்டால் நாளைக்கு வார்டை யார் பார்ப்பது? ஹவ்லாண்டிடம் நாற்று வளர்ந்ததும் பறித்து வேறு வயலில் நட்டாகிவிட்டது. துறையின் வளர்ச்சியைப் படுக்கை எண்ணிக்கையில் பார்ப்பவர்களுக்கு இது இழப்பாகத்தான் தெரியும்.

யேலுக்குப் போன பார்க் 1927-இல் ஹவ்லாண்டின் நாற்காலிக்கே திரும்பிவந்தார். 1946 வரை இருந்தார். அவர் யோசித்தது எளிய விஷயம்தான். குழந்தை மருத்துவர் எல்லா நோயையும் கொஞ்சம் கொஞ்சம் பார்த்துக்கொண்டிருந்தால் எந்த நோயும் முழுசாகப் புரியாது. ஆகவே ஒரே வகை நோயுள்ள பிள்ளைகளை வாரத்தில் ஒரு நாள் ஓரிடத்துக்கு வரச்சொல்லி, ஒரே டாக்டரிடம் வருஷக்கணக்கில் விடுவது. நம்மூர் ஓபி-யில் ‘வலிப்பு கிளினிக் செவ்வாய், இதய கிளினிக் வியாழன்’ என்று போர்டு தொங்குவதைப் பார்த்திருப்பீர்களே, அந்த ஏற்பாடுதான். பார்க் அதை அங்கே வேரூன்றச் செய்தார். யார் கையில் எதைக் கொடுத்தார் என்பதில்தான் அவருடைய சாமர்த்தியம் இருக்கிறது.

1930-இல் இதய கிளினிக்கை ஹெலன் டாசிக் என்ற இளம் பெண் டாக்டரிடம் ஒப்படைத்தார். ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரி அன்று பெண்களுக்குப் பட்டம் தராது என்பதால் ஹாப்கின்ஸுக்கு வந்து படித்தவர். சிறுவயது கக்குவான் இருமலுக்குப் பிறகு காது மந்தமாகத் தொடங்கி, வயது ஏற ஏறக் கேட்கும் திறன் போய்க்கொண்டே இருந்தது. இதய மருத்துவருக்குக் காதுதானே கருவி? வேறு யாராவதாக இருந்தால், ‘வேறு பிரிவு பாரம்மா’ என்று தன்மையாகச் சொல்லியிருப்பார்கள். பார்க் கிளினிக்கைக் கொடுத்தார்.

ஆரம்பத்தில் அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் ரூமாட்டிக் காய்ச்சல் பிள்ளைகள். ஹேரியட் லேனின் மகன்களைக் கொண்டுபோன அதே நோய். பார்க் டாசிக்கிடம், பிறவியிலேயே இதயக் கோளாறோடு வரும் பிள்ளைகளையும் கவனித்துப் படி என்றார். டாசிக்குக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. காரணம் நியாயமானது. அந்தப் பிள்ளைகளுக்கு அன்று செய்வதற்கு எதுவும் இல்லை. இறந்தபின் அறுத்துப் பார்த்து, இன்ன ஓட்டை இருந்தது என்று எழுதிவைக்கலாம், அவ்வளவுதான். இருந்தாலும் பார்த்தார். ஃப்ளூரோஸ்கோப் என்ற, உயிரோடு அசையும் இதயத்தின் நிழலைக் காட்டும் எக்ஸ்ரே கருவி இருந்தது. இருட்டறையில் பிள்ளையை அப்படியும் இப்படியும் திருப்பி, நிழலின் வடிவத்தை மனசில் வாங்கிக்கொள்வார். ஸ்டெதஸ்கோப்பில் கேட்காததை உள்ளங்கையை மார்பில் வைத்து, அதிர்வாகத் தெரிந்துகொள்வார்.

இந்தப் பிள்ளைகளில் ‘நீலக் குழந்தைகள்’ என்றொரு கூட்டம் இருந்தது. உதடும் நகக்கண்ணும் நாவல்பழம் தின்ற மாதிரி இருக்கும். நாலெட்டு ஓடும், சட்டென்று குந்தி உட்கார்ந்துகொள்ளும். யாரும் சொல்லித்தந்ததில்லை, தானாகவே கண்டுபிடித்துக்கொண்ட உபாயம். குந்தும்போது கால்களின் ரத்தக்குழாய்கள் மடங்கி நெருக்கப்படும், உடம்புப் பக்கம் ரத்தம் போவது கடினமாகும், அதனால் நுரையீரல் பக்கம் கொஞ்சம் அதிகமாகப் போகும். குறை எங்கே என்பதை அந்தக் குந்தலே சொல்லிவிடுகிறது. இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் வழி குறுகலாக இருக்கிறது.

வருஷக்கணக்கில் இதே பிள்ளைகளைப் பார்த்ததில் டாசிக் ஒன்றைக் கவனித்தார். கருவில் இருக்கும்போது எல்லாக் குழந்தைக்கும், உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் மகாதமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவில் ஒரு சின்னக் குறுக்குக்குழாய் உண்டு. பிறந்தபின் தானாக மூடிக்கொள்ளும். நீலக் குழந்தைகளில் அது திறந்தே இருக்கும்வரை பிள்ளை ஒருமாதிரி சமாளிக்கிறது, மூடியதும் நிலைமை மோசமாகிறது. அப்படியென்றால் புதிதாக அப்படியொரு குழாயைப் போட்டுக்கொடுத்தால் என்ன? 1938-இல் பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் என்ற அறுவை மருத்துவர், மூடாமல் போன குறுக்குக்குழாயைக் கட்டி மூடிக்காட்டியிருந்தார். டாசிக் அவரிடமே போய், மூடத் தெரிந்த நீங்கள் ஒன்றைப் போட்டும் தரலாமே என்று கேட்டார். கிராஸ் ஆர்வம் காட்டவில்லை.

1941-இல் ஆல்ஃபிரட் பிளேலாக் ஹாப்கின்ஸுக்கு அறுவைத் துறைத் தலைவராக வந்தார். கூடவே அவருடைய ஆய்வக உதவியாளர் விவியன் தாமஸும் வந்தார். மருத்துவம் படிக்க ஆசைப்பட்டு, பொருளாதார மந்தத்தில் சேமிப்பெல்லாம் போய், படிக்க முடியாமல் போன கறுப்பின இளைஞர் தாமஸ். கைக்குப் போகும் தமனியைத் திருப்பி நுரையீரல் தமனியோடு தைக்கலாம் என்ற யோசனையை நாய்களில் செய்துபார்த்துப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். அத்தனை சின்ன ரத்தக்குழாய்க்கு ஏற்றபடி ஊசியையும் கருவிகளையும் மாற்றியமைத்தவரும் அவரே. 1944 நவம்பர் 29 அன்று, 15 மாதக் குழந்தை ஒன்றுக்கு முதல் அறுவை. எடை ஐந்து கிலோகூட இல்லை. பிளேலாக் தைக்க, அவர் தோளுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் ஏறி நின்று தாமஸ் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குழந்தை தேறியது, ஆனால் சில மாதங்களில் இறந்துவிட்டது. மூன்றாவதாக, 1945 பிப்ரவரியில், ஆறு வயதுப் பையன். ரத்தக்குழாயைப் பிடித்திருந்த கவ்விகளை எடுத்ததும், மேஜையில் கிடக்கும்போதே அவன் உதடு ரோஜா நிறத்துக்கு மாறியது.

அந்த வருஷம் வந்த கட்டுரையில் ஆசிரியர்களாக இரண்டே பெயர்கள், பிளேலாக், டாசிக். பார்க்கின் பெயர் இல்லை. அவர் கத்தியும் பிடிக்கவில்லை, யோசனையும் அவருடையதில்லை. 15 வருஷத்துக்கு முன்னால் காது கேட்காத ஒரு பெண்ணிடம், பலன் தெரியாத ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, நடுவில் ‘என்னம்மா ஆச்சு, ரிசல்ட் எங்கே?’ என்று அரித்தெடுக்காமல் விட்டிருந்தார். துறைத் தலைவரின் வேலை என்ன என்று என்னை யாராவது கேட்டால் அந்த 15 வருஷத்தைத்தான் காட்டுவேன்.

தாமஸின் பெயரும் கட்டுரையில் இல்லை. இது வேறு கதை, பெருமைப்பட ஒன்றுமில்லாத கதை. அவருக்கு ஹாப்கின்ஸ் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது 1976-இல்தான். உலகமெல்லாம் பெயர் தெரிந்த டாசிக்கே முழுப் பேராசிரியரானது 1959-இல். வேலையை நம்பிக் கொடுப்பது வேறு, அதற்கான நாற்காலியைக் கொடுப்பது வேறு. முன்னதில் தாராளமாக இருந்த அந்த இடம் பின்னதில் கையை இறுக்கிக்கொண்டது.

பார்க் திறந்த மற்ற கிளினிக்குகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதே 1930-இல், மனநலத் துறையோடு சேர்ந்து, லியோ கானரிடம் குழந்தைகள் மனநல கிளினிக் கொடுக்கப்பட்டது. 1943-இல் 11 பிள்ளைகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஆட்டிசம் தனி நிலையாக மருத்துவ உலகத்தில் பதிந்தது. ஹார்மோன் கிளினிக்குக்கு லாசன் வில்கின்ஸ் வந்தார். ஊரில் தனியாகப் பிராக்டிஸ் செய்துகொண்டிருந்தவர், அதை விடாமலே கிளினிக்கையும் நடத்தினார், 1946-க்குப் பிறகுதான் முழுநேரம். முழுநேரக் கொள்கையின் கோட்டையிலேயே இப்படியொரு விதிவிலக்கு! ஆளைப் பார்த்து விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள்.

1956-இல் தலைவரான ராபர்ட் குக் இன்னொரு வகை. வார்டுக்கு வெளியே பார்த்தவர். அவர் காலத்தில்தான், 1964-இல், துறை பழைய ஹேரியட் லேன் கட்டடத்திலிருந்து பெரிய புதுக் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. குழந்தை நலத்துக்கென்று அமெரிக்க அரசு 1962-இல் தனி ஆய்வு நிறுவனம் தொடங்க அவர் துணைநின்றார். ஏழைக் குழந்தைகள் பள்ளிக்குப் போகும் முன்பே சாப்பாடு, படிப்பு, மருத்துவம் மூன்றையும் சேர்த்துத் தரும் ‘ஹெட் ஸ்டார்ட்’ திட்டத்தைத் தீட்டிய குழுவுக்குத் தலைவராக இருந்தார். இப்படிப்பட்டவரை வார்டில் பிடிப்பது கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். மீட்டிங் மீட்டிங் என்று அலைகிறாரே என்று ஜூனியர்கள் முணுமுணுப்பார்கள். ஆனால் தலைநகரத்தில் நிதியும் சட்டமும் நகராமல் வார்டில் சில விஷயங்கள் நகர்வதில்லை.

ஆக, ஒரே நாற்காலியில் மூன்று பேர் மூன்று விதம். ஹவ்லாண்ட் தானே ஆய்வகத்தில் இறங்கி, கூட இருந்தவர்களையும் இழுத்துவிட்டவர். பார்க் ஆளைக் கண்டுபிடித்து அமர்த்திவிட்டுப் பொறுத்திருந்தவர். குக் வெளியே போய்ச் சண்டைபோட்டுக் கொண்டுவந்தவர். எது சரி என்பது அந்தந்தக் காலத்தில் துறைக்கு எது பஞ்சம் என்பதைப் பொறுத்தது.

கடைசியாக, தலைவர்கள் யாரும் தொடாத ஒன்று. 1950-இல் ஹேரியட் லேனின் தலைமைப் பயிற்சி மருத்துவர் ஒருவருக்கு ஒரு யோசனை தோன்றியது. பயிற்சி மருத்துவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் சின்ன நோட்டில் மருந்தளவு, சாதாரண ரத்த அளவுகள், எந்த வயதுக்கு எவ்வளவு நாடித்துடிப்பு என்றெல்லாம் கிறுக்கிவைத்திருந்தார்கள். அதையெல்லாம் திரட்டி, சட்டைப்பையில் அடங்கும்படி ஒரே கையேடாக ஆக்கினால் என்ன? பெரியவர்களுக்கு ஒரு மாத்திரை என்றால் ஒரு மாத்திரைதான். குழந்தைக்கு ஒவ்வொன்றும் கிலோ கணக்கு, தசமப்புள்ளி ஓரிடம் தள்ளிப்போனால் பத்து மடங்கு மருந்து போய்விடும். கையேடு பிறந்தது. ‘ஹேரியட் லேன் கையேடு’ என்ற பெயரில் இன்றும் வருகிறது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அதைத் திருத்தி எழுதுவது பேராசிரியர்கள் இல்லை, அந்தந்த வருஷத்துப் பயிற்சி மருத்துவர்கள். நம்மூர்க் குழந்தை மருத்துவப் பிஜி மாணவர்களிடம் பெயரைச் சொல்லிப் பாருங்கள், தெரிந்திருக்கும்.

அந்தப் பழைய கட்டடம் இப்போது இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு வலிப்போடு ஒரு பிள்ளை வருகிறது. டியூட்டி டாக்டர் எடை மிஷினில் எண்ணைப் பார்த்துவிட்டு, ஒரு கையால் பையைத் துழாவி, மருந்தளவுப் பக்கத்தைப் புரட்டுகிறார்.